எழுபத்திரண்டு மணித்தியாலம்

கோட்டை வாசலுக்கு இப்பால்
மூன்று மின்விசிறியில் ஒன்று மட்டும் சுழலும் மண்டபம்.
இருபத்திரண்டு மருத்துவமாதுகள்.
கிண்ணியா, குச்சவெளி, தம்பலகாமம், சேருவில,
வெருகலில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்த நான்.

மேசையில் றப்பர் இடுப்பு ஒன்று.
தலையில்லை. கால்கள் தொடையோடு முடிகின்றன.
பொம்மைப் பிள்ளையின் நச்சுக்கொடி
போன பயிற்சியில் தொலைந்துவிட்டதாம்.
துவாய் ஒன்றை நனைத்துச் சுருட்டி
உள்ளே வைத்தார் டொக்டர் யசோதினி.
"இப்போதைக்கு இதுதான்."

இப்போதைக்கு என்ற சொல்லுக்குள்தான்
இரண்டு நாளும் இருந்தோம்.
வெள்ளம் ஏறினால் இப்போதைக்குப் பள்ளிக்கூடம்.
கட்டில் இல்லையென்றால் இப்போதைக்கு
இரண்டு வாங்கு, ஒரு பிளாஸ்ரிக் விரிப்பு.
கரண்ட் இல்லையென்றால்?
கேட்டு முடிக்குமுன் சுவிட்சை அணைத்தார்.
யன்னல்களுக்குக் கறுப்புத் துணி.
"கண்ணை விடுங்கோ. கையால பாருங்கோ."

நான் கைவிட்ட இடத்தில் றிஸ்மியாவின் கை.
யாருடைய விரல் யாருடையது என்று தெரியவில்லை.
கர்ப்பப்பை இறுகும்வரை
வயிற்றைத் தேய்க்கச் சொன்னார்.
இருட்டில் தில்றுக்‌ஷி எண்ணினாள்,
எகாய், தெகாய், துனாய்.
றப்பர் வயிறு எப்படி இறுகும்?
இருந்தும் நான் தேய்த்தேன்,
உள்ளங்கை சுடும் வரைக்கும்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு
வெள்ளைப் பலகையில் எழுதினார்: 72.
பலவந்தம் நடந்து
எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்குள்
கொடுக்கவேண்டிய குளிசைகள்.
சொல்லாமல் தொடக்கூடாது.
அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்.
பெயர் எழுதிய தாளைப் பூட்டி வைக்கவேண்டும்.
பூட்டுள்ள அலுமாரி
எங்களில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று
யாரும் கேட்கவில்லை.

கடைசி வரிசையில் குணலெட்சுமி அக்கா எழும்பினா.
இன்னும் எட்டு மாதத்தில் பென்சன்.
"மிஸ், அந்த மணித்தியாலம்
நடந்த நேரத்தில இருந்தா,
பாதை திறந்த நேரத்தில இருந்தா?"

விசிறி ஒரு சுற்று சுற்றியது.

"மூதூரால நாங்கள் நடந்து வந்த வருசம்
பாதை திறக்கப் பதினொரு நாள்.
அண்டைக்கு ஒரு பிள்ளை என்னட்ட வந்தது.
வயித்துக்குத்து எண்டு சொல்லிச்சு.
நான் பனடோல் குடுத்தன்."

இருந்துவிட்டா.
அழவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச்
சேலைத் தலைப்பால் துடைத்தா, நெடுநேரம்.

டொக்டர் பேனாவுக்கு மூடி போடப் பார்த்தார்.
மூன்றாம் தடவைதான் பொருந்தியது.
பிறகு சொன்னார்:
"கருத்தடைக் குளிசைக்கு ஐந்து நாள் இருக்கு.
அதுக்குப் பிறகும் காயம் இருக்கு, தொற்று இருக்கு,
நித்திரை இல்லாத இரவு இருக்கு.
பதினொராம் நாள் வந்தாலும் உள்ள எடுங்கோ.
வயித்துக்குத்து எண்டு சொன்னாலும்
கதிரை குடுத்து, கதவைச் சாத்தி, காத்திருங்கோ."

அக்கா அதை எழுதினா.
பக்கத்தில் இருந்ததால் பார்த்தேன்.
தாளின் தலையில் போட்ட தேதி
இன்றைய தேதி இல்லை.

தேநீருக்கு வெளியே வந்தால்
எங்கள் நிகழ்ச்சிநிரலைப்
புள்ளிமான் ஒன்று தின்றுகொண்டு நிற்கிறது.
இரண்டாம் நாளில் பாதி போய்விட்டது.
முதலில் சிரித்தது தில்றுக்‌ஷி,
அப்புறம் எல்லோரும், குணலெட்சுமி அக்காவும்.
மான் எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு
மிச்சத்தையும் தின்றது.

பின்னேர பஸ்ஸில் மடியில் பை.
கங்கைப் பாலத்தில் வேகம் குறைந்ததும்
என் கை தானாகவே சிப்பைத் திறந்தது.
பையைப் பார்க்க அங்கே இப்போது எவரும் இல்லை.
நான்தான் பார்த்தேன்:
விரிப்பு, சவர்க்காரம், கையுறை,
கடதாசி பிரிக்காத பிளேட்,
நூல் இரண்டு துண்டு.

வெருகலில் இறங்க மழை பிடித்திருந்தது.
ஆறு படிக்கட்டில் மூன்றை மறைத்திருந்தது.
நேற்றுக் காலை ஒன்றுதான்.
வாற கிழமைக்கு நாள் சொன்னவர்கள்
என் பிரிவில் நாலு பேர்.
கடை பூட்டமுதல் போய்
இன்னும் கொஞ்சம் நூல் வாங்கவேண்டும்.